ஆட்டக்காரரும் ஆசானும்

நம் கல்லூரியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதியனுப்ப வேண்டுமென்று தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் அவர்கள் அன்போடு பணித்தபொழுது, எப்பொருளைப் பற்றி எழுதுவதென்று யாம் சில நாள் மயங்கினோம். எம்முடன் பயின்றோர் பலர் இன்று பேராசிரியராகவும் மருத்துவராகவும் விளங்குகின்றனர். அவர்கள் எழுதினால் படிப்போர்க்கு அறிவு வளரும். யாமோ இக்கலாசாலையில் இருந்த காலத்தில் நூல்நிலையத்தைக் காட்டிலும் விளையாட்டு மைதானத்திலேயே மிகுதியாகக் காணப்பட்டோம் என்பதைப் பழைய ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே, அறிந்ததை எழுதுவதே நேர்மையென்று துணிந்து, கால்பந்தாட்டத்தைப் பற்றியும், ஆடுவதை விட்டவன் அடுத்து யாது செய்வது என்பதைப் பற்றியும் சில சொல்ல முற்படுகின்றோம்.

யாம் கல்லூரி அணியில் மூன்றாண்டுகள் முன்வரிசையில் ஆடினோம். முன்வரிசையாளனுக்கு உள்ள இன்பம் மற்றையோர்க்கு இல்லை. பின்னின்று காப்போர் பத்து முறை காத்தாலும் எவரும் கை தட்டார். முன்னின்றவன் ஒருமுறை பந்தை வலைக்குள் செலுத்திவிட்டால், அன்றிரவு விடுதி முழுவதும் அவன் பெயரையே சொல்லும். அப்புகழுக்கு யாம் அடிமையாயிருந்தோம் என்பதை மறைப்பானேன்? கல்லூரியை விட்டு வெளியேறிய சில ஆண்டுகட்குள் ஓர் ஆட்டத்தில் எமது வலது முழங்கால் பிசகிற்று. கட்டை அவிழ்த்த பின்னும் பழைய வேகம் திரும்பவில்லை. ஊருக்குத் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக அமர்ந்தோம்.

எம் ஊர் காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தை நாள்தோறும் கண்டு விழிக்கும் பிள்ளையார்பாளையத்தில், பட்டு நெசவுக் குடும்பத்திற் பிறந்தோம். விடியற்காலையில் தெருவில் பட்டுப் பாவினை நீள விரித்து, இழையிழையாகச் சரி செய்யும் காட்சியையும், பகல் முழுவதும் வீட்டுக்கு வீடு ஒலிக்கும் தறியோசையையும் அறியாத பிள்ளை எம் தெருவில் இல்லை. அத்தெருப் பிள்ளைகள் சிலர், யாம் கல்லூரி அணியில் ஆடியவர் என்று கேள்வியுற்று, ஒரு மாலை எம் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். "சார், எங்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக் கொடுங்கள்" என்றனர். ஊர்ப்புறத்தே ஒரு பொட்டல் வெளி இருந்தது. நான்கு கல்லை நட்டு இரண்டு கோல் அமைத்தோம். ஆட்டம் தொடங்கிற்று.

யாம் செய்த பிழையை இங்குச் சொல்லியாக வேண்டும். சொல்லிக் கொடுக்க வந்த யாம், சொல்லிக் கொடுக்கவில்லை, ஆடினோம். நொண்டிய காலோடு முன்வரிசையில் எம்மையே நிறுத்திக்கொண்டோம். பந்து எமக்கே வரவேண்டும். கோல் யாமே போட வேண்டும். பிள்ளைகளும் மரியாதையினால் எமக்கே பந்தைத் தள்ளினர். அவர்களுள் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மெலிந்தவன்; பேசாதவன்; பந்து அவன் காலைத் தொட்டால் நாய்க்குட்டி போல உடன் ஓடும். அவனுங்கூட, கோலுக்கு எதிரே தனியாக நின்ற வேளைகளிலும், பந்தை எமக்கே திருப்பிக் கொடுத்தான். யாம் அதனைப் பணிவென்று மெச்சினோம். அவன் திறனை யாம் தின்றுகொண்டிருந்தோம் என்பது அப்பொழுது எமக்குத் தோன்றவில்லை.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் அண்டை ஊர் அணியொன்றோடு ஆட்டம் ஏற்பட்டது. பள்ளிப் பிள்ளைகட்கு மட்டுமே உரிய ஆட்டமாதலின், யாம் இறங்கலாகாது என்று எதிர்த் தரப்பினர் நியாயமாகவே சொல்லிவிட்டனர். எம் பிள்ளைகள் பந்தைப் பெற்றதும் தலையைத் திருப்பி எம்மைத் தேடினர். யாமோ கோட்டுக்கு வெளியே நின்றோம். நான்கு கோல் வாங்கினர். ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த மெலிந்த பையன் இருமுறை கோலெதிரே வந்தும், பந்தை யாருக்குக் கொடுப்பதென்று அறியாமல் நின்றுவிட்டான்.

அன்றிரவு சோர்ந்து வீடு சேர்ந்தோம். எம் தந்தையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். நாற்பதாண்டுகள் குழித்தறியில் அமர்ந்து நெய்தவர் அவர். கண்ணொளி மங்கிய பின் தறியை விட்டிறங்கி, இளைஞன் ஒருவனைத் தம் இடத்தில் அமர்த்தி, அருகே முக்காலியில் அமர்ந்து சொல்லிக் கொடுத்து வந்தார். நடந்ததைக் கேட்டு, சிறிது நேரம் பேசாதிருந்து, பின் சொன்னார்: "தம்பி, பந்து எப்போதும் உன் காலிலேயே இருந்தால், அவன் கால் எப்போது கற்கும்? தறியை விட்டிறங்கின அன்று எனக்குக் கை அரித்தது. பையன் இழை அறுத்தால், எழுந்துபோய் நானே முடிந்துவிடலாமா என்று தோன்றும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீ காலைக் கட்டிக்கொள்ளவில்லை."

அச்சொல் எம்மை உறங்கவிடவில்லை. அப்பொழுது, கல்லூரி நாட்களில் எமது தேகப்பயிற்சி ஆசிரியர் மைதானத்தின் ஓரத்தில் எம்மை அமர்த்தி அடிக்கடி எடுத்துரைத்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. பிரதீப் குமார் பானர்ஜி என்னும் வங்காளப் பெரியாரின் வரலாறு அது. இந்நாட்டில் முன்வரிசையில் ஆடி, பின் ஆசானாகி, இரண்டிலும் உயர்ந்தோர் அவரைப் போலச் சிலரே. இக்காலத்து மாணவர் அவர் பெயரைக் கேட்டிராமலிருக்கலாம். ஆதலின் சற்று விரித்துரைக்கின்றோம்.

அவர் 1936-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ம் தேதி வங்காளத்தின் ஜல்பாய்குரிப் பகுதியிற் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தார். மீசை முளைக்கு முன்னரே பீகார் மாகாண அணியில் இடம்பெற்றார். பின் கல்கத்தா சென்று, 1955 முதல் கிழக்கு ரயில்வே அணியில் ஆடினார். அந்நகரில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் மூன்று சங்கங்களே பெரும்புகழ் உடையன. அம்மூன்றினும் சேராத ரயில்வே அணி 1958-ல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது ஒரு பெரு வியப்பாயிற்று. அவ்வணியின் முன்வரிசையில் வலப்புற ஓரத்தில் ஓடியவர் இவரே. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றபொழுது அணியில் இருந்தார். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தலைவராகச் சென்று, பிரெஞ்சு அணிக்கெதிராக ஒரு கோல் போட்டார்; அவ்வாட்டம் ஒன்றுக்கொன்று என்று சமனாக முடிந்தது. 1961-ல் அர்ஜுனா விருது ஏற்படுத்தப்பட்டபொழுது கால்பந்தாட்டத்திற்காக அதனை முதலிற் பெற்றவரும் அவரே.

ஆயினும் 1962-ம் ஆண்டே அவ்வாட்டக்காரரின் பொன்னாண்டு. ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டின் இறுதியாட்டம் செப்டம்பர் 4-ம் தேதி நிகழ்ந்தது. அரசியற் காரணங்களால் இந்தியர்மீது சினங்கொண்டிருந்த பெருங்கூட்டம் அரங்கில் ஆரவாரித்தது. எதிரே தென்கொரியா. நம் கோலைக் காத்து நின்றவர் தமிழரான பீட்டர் தங்கராஜ். முதற் கோலைப் பானர்ஜி போட்டார்; இரண்டாவதை ஜர்னைல் சிங் போட்டார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது.

இவ்வெற்றியில் கோட்டுக்கு வெளியே நின்றவர் ஒருவரை மறத்தலாகாது. அவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். பள்ளி ஆசிரியராயிருந்து பயிற்சியாளரானவர். ஜர்னைல் சிங் இயல்பாகப் பின்வரிசை ஆட்டக்காரர். முந்திய ஓர் ஆட்டத்தில் தலை உடைந்து தையல் போடப்பட்டிருந்தது. அவரை முன்வரிசைக்கு மாற்றி நிறுத்தியவர் ரகீமே. அதன் பயனே இரண்டாம் கோல். புற்றுநோயால் நலிந்த அப்பெரியார் அடுத்த ஆண்டு ஜூன் மாதமே காலமானார். ஆயினும், ஓர் ஆட்டக்காரனிடம் அவனே அறியாத ஆற்றலைக் கண்டுபிடிப்பதுதான் ஆசானின் தொழில் என்பதை அவர் தம் மாணவர்க்குக் காட்டிச் சென்றார்.

அம்மாணவருள் தலையாயவரான பானர்ஜி 1967-ம் ஆண்டளவில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். முப்பத்தொரு வயது. எம்மைப் போன்றோர் அவ்விடத்தே முடங்கிவிடுகின்றோம். நாற்காலியில் அமர்ந்து பழம்புகழ் பேசுகின்றோம். அவரோ மீண்டும் மாணவரானார். பயிற்றும் கலையைக் கற்றார். 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜி. எம். எச். பாஷா என்பவரோடு இணைந்து இந்திய அணியைப் பயிற்றி வெண்கலப் பதக்கம் வாங்கித் தந்தார். 1972 முதல் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தின் ஆசானாயிருந்தார். 1975-ல் ஐ. எப். ஏ. கேடய இறுதியாட்டத்தில் அச்சங்கம் மோகன் பகானை ஐந்துக்குப் பூஜ்யம் என்று வென்றது கல்கத்தாவாசிகள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வதும் வருந்துவதுமான செய்தி. அடுத்த ஆண்டே, தோற்ற அந்த மோகன் பகான் சங்கம் அவரைத் தம் ஆசானாக அழைத்துக்கொண்டது! 1977-ல் பீலே அவர்கள் நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு கல்கத்தாவுக்கு வந்து ஈடன் தோட்டத்தில் ஆடினார். அவ்வுலக வீரரின் அணியோடு மோகன் பகான் இரண்டுக்கிரண்டு என்று சமன் செய்தபொழுது, கோட்டுக்கு வெளியே நின்றவர் பானர்ஜியே. ஆட்டக்காரராக எப்பெருஞ் சங்கங்களை எதிர்த்து ரயில்வேச் சட்டையில் ஓடினாரோ, அச்சங்கங்களையே ஆசானாக நின்று வளர்த்தார் என்பது கருதத்தக்கது.

அவருடைய கருவி யாது? சொல். ஆட்டத்திற்கு முன்னும் இடைவேளையிலும் அவர் வீரர்களிடம் பேசும் பேச்சுக்கு 'வாய்ச்சொல் டானிக்' என்று பொருள்படப் பத்திரிகைகள் பெயரிட்டன. சோர்ந்தவனைத் தட்டி எழுப்புவதும், செருக்குற்றவனை அடக்குவதும் அச்சொல்லாலேயே செய்தார். 1997-ம் ஆண்டு ஜூலை 13-ம் தேதி, கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் பெடரேஷன் கோப்பையின் அரையிறுதியாட்டம் நடந்தது. 1,31,781 பேர் கூடினர் என்பது கணக்கு. மோகன் பகானின் ஆசான் அமல் தத்தா, வைரம் போன்ற வடிவில் வீரரை நிறுத்தும் புதுமுறையால் அவ்வாண்டு எதிரிகளை நடுங்கச் செய்துவந்தார். எதிரே ஈஸ்ட் பெங்காலின் ஆசானாக நின்ற பானர்ஜிக்கு வயது அறுபத்தொன்று. அன்று நான்குக்கு ஒன்று என்று வென்றது ஈஸ்ட் பெங்கால். மூன்று கோல்களைப் போட்டவர் சிக்கிமைச் சேர்ந்த இளைஞர் பாய்ச்சுங் பூட்டியா. அரங்கம் பூட்டியாவின் பெயரை முழங்கிற்று. முப்பத்தைந்து ஆண்டுகட்கு முன் ஜகார்த்தாவில் தாமே கோல் போட்ட அம்முதியவர், அன்று பந்தைத் தொடாமலே வென்றார். 2004-ல் உலகக் கால்பந்தாட்டச் சம்மேளனம் தன் நூற்றாண்டுச் சிறப்பு விருதை அவர்க்கு அளித்தது. 2020-ம் ஆண்டு மார்ச் 20-ம் தேதி, 83-ம் வயதில், கல்கத்தாவில் காலமானார்.

வங்காளத்தவர் ஒருவரை மட்டும் புகழ்ந்து தமிழரை விடுவானேன் என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. 1960-ல் பானர்ஜியின் தலைமையில் ரோம் சென்ற அதே அணியில் சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழரும் இருந்தார். அவரும் பின்னாளில் ஆசானானார். 1973-ல் கேரள அணி சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றது. எர்ணாகுளத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ரயில்வே அணியை மூன்றுக்கு இரண்டு என்று தோற்கடித்தது. மூன்று கோல்களையும் போட்டவர் அணித்தலைவர் மணி. அவ்வணியைப் பயிற்றியவர் நம் சைமன் சுந்தரராஜ். அந்த மூன்று கோல்களும் மணியின் பெயராலேயே எழுதப்பட்டுள்ளன. ஆசானுக்கென்று கோற்கணக்கில் ஒரு பத்தி கிடையாது.

இவற்றையெல்லாம் எண்ணியவாறு விடியுமட்டும் படுத்திருந்தோம். காலையில் தந்தையார் எம்மைத் தறியண்டை அழைத்துச் சென்று, அன்று நெய்யப்படும் சேலையைத் தொட்டுக் காட்டினார். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், முந்தி மற்றொரு நிறமாக அமைக்குமிடத்து, பெட்னி என்றொரு முறை உண்டு. உடலின் பாவிழை ஒவ்வொன்றோடும் முந்தியின் புதுநிறப் பாவிழை ஒவ்வொன்றையும் பிணைத்து, அதன்பின் பழைய இழைகளை நீக்கி நெசவைத் தொடர்வர். பொறுமையைச் சோதிக்கும் வேலை. முடிந்த பின் அவ்விடத்தே மெல்லிய வரியொன்று தெரியும். "சேலை இந்த இடத்தில் முடிந்துபோகவில்லை, நிறந்தான் மாறுகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் தம் முக்காலியில் அமர்ந்தார்.

அன்று மாலை யாம் ஆட்டக் காலணி அணியாமல் மைதானத்திற்குச் சென்றோம். கோட்டுக்கு வெளியே நின்றோம். கால் துடித்தது; கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டோம். பிள்ளைகள் முதலிற் கலங்கினர். சில வாரங்களில் ஒருவரையொருவர் நோக்கத் தொடங்கினர். அம்மெலிந்த பையன் முன்வரிசையின் நடுவில் நின்றான்.

திடீரென்று ஒருநாள் அவன் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றோம். அவன் தந்தை தறியில் இருந்தார். இடப்புறத்தே பையன் அமர்ந்து, கரைக்குரிய நாடாவை எறிந்துகொண்டிருந்தான். கோர்வைச் சேலையில் உடலுக்கொரு நாடா, இருபுறக் கரைகட்கும் இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடுமாதலின், நெய்பவருக்கு உதவியாக இன்னோர் ஆள் வேண்டும். "சார், கோர்வைக்கு இருந்த ஆள் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. கலியாணத்துக்குக் கேட்ட சேலை. நாள் தவறினால் கூலி போச்சு. காலையில் பள்ளிக்கூடம் போகிறான். மாலையிலாவது எனக்கு வேண்டாமா?" என்றார் அவர். மறுமொழி சொல்ல எமக்கு நா எழவில்லை. பட்டினியின் எதிரே பந்தாட்டத்தை எவ்வாறு உயர்த்திப் பேசுவது? திரும்பி வந்து தந்தையாரிடம் சொன்னோம்.

அவர் மேல்துண்டை எடுத்துத் தோளிற் போட்டுக்கொண்டு எழுந்தார். "கரை நாடா எறிவதற்குக் கண் வேண்டாம், கை போதும்" என்றார். அன்று முதல் மாலைதோறும், ஊரில் பேர்பெற்ற நெசவாளியாகிய எம் தந்தையார், அவ்வீட்டுத் தறியின் இடப்புறத்தில், சிறுவர் அமரும் கோர்வை ஆளின் இடத்தில் அமர்ந்தார். கூலி வாங்கவில்லை. "ஐயா, நீங்கள் இந்த இடத்தில் உட்காருவதா!" என்று அவன் தந்தை பதறியதற்கு, "தறி உன்னது, நீ சொல், நான் எறிகிறேன்" என்றாராம். பையன் மைதானத்திற்கு ஓடி வந்தான்.

மறு கோடையில் அதே அண்டை ஊர் அணியோடு மீண்டும் ஆடினோம். எதிர்த்தரப்பு முதற்பாதியிலேயே ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தபொழுது, எம் பையன் பந்தோடு இருவரைக் கடந்து கோலெதிரே வந்தான். "அடி!" என்ற கூவல் எம் தொண்டையில் எழுந்து நின்றது. அவன் எம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தை அடிக்கவும் இல்லை. தன்னினும் நல்ல இடத்தில் வலப்புறம் நின்ற சிறுவனுக்கு மெல்லத் தள்ளினான். அவன் வலைக்குள் செலுத்தினான். ஆட்டம் ஒன்றுக்கொன்று என்று முடிந்தது. பிள்ளைகள் கோல் போட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடினர். கோட்டுக்கு வெளியே யாம் தனியே நின்றோம். அந்நேரத்தில் எம் உள்ளத்தே சிறு வருத்தம் எழாமலில்லை, பொய் சொல்லோம். ஆயினும் விடுதி முழுவதும் எம் பெயரைச் சொல்லிய இரவுகளில் யாம் அறியாத நிறைவு ஒன்று, அவ்வருத்தத்தின் அடியில் இருந்தது.

இரவு தந்தையார் கேட்டார்: "கோல் அவன் போட்டானா?"

"இல்லையப்பா. போடக் கொடுத்தான்."

அவர் நகைத்தார். "அப்படியானால் கற்றுக்கொண்டுவிட்டான்" என்றார்.

கல்லூரியில் இன்று பயிலும் இளைஞர்காள்! மைதானத்தில் ஓடுங்கள், கோல் போடுங்கள், கைதட்டலையும் கேளுங்கள். அவை உங்கட்கு உரியவை. ஆயினும் ஒரு நாள் கால் தளரும், கண் மங்கும். அன்று கோட்டுக்கு வெளியே வந்து நிற்க நேர்ந்தால், ஆட்டம் முடிந்ததென்று வீட்டுக்குச் சென்றுவிடாதீர்கள். எமக்குக் கற்பித்த ஆசிரியர் பலர், தம் பெயர் எந்தக் கோற்கணக்கிலும் ஏறாமலே, இம்மைதானத்தின் ஓரத்திலும் இவ்வகுப்பறைகளிலும் வாழ்நாளைக் கழித்தனர். அக்காலத்தில் அவர்களை யாம் திரும்பிப் பார்க்கவில்லை. காலந்தாழ்த்தியேனும் இக்கட்டுரை வாயிலாக அவர்கட்கு எம் வணக்கத்தைச் செலுத்தி அமைகின்றோம்.